முதல் முறை மனம் பிறழும்போது வீட்டார் என்ன செய்யலாம்? வாசகர் கேள்வி – பதில்

இளம் வயதில் முதன்முறையாகத் தலைகாட்டும் சைக்கோசிஸ் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நோயாளியின் வீட்டார் எழுதியவை. யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்பது, இல்லாத ஆபத்தை இருப்பதாக உறுதியாக நம்புவது, பேச்சு கோர்வையில்லாமல் போவது ஆகியவற்றைச் சேர்த்து மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள். மனச்சிதைவு நோய் அதில் ஒரு வகை. முதல் தடவையிலேயே எந்த வகை என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கேள்விகளைத் தருகிறோம்.

மகனுக்கு 20 வயது, இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டலிலிருந்து வந்தவன் இரண்டு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான். ராத்திரி தூங்குவதில்லை. சீலிங் ஃபேனில் கேமரா வைத்திருக்கிறார்கள் என்கிறான். டாக்டரிடம் போகலாம் என்றால், ‘உனக்குத்தான் பைத்தியம்’ என்று கத்துகிறான். சொந்தக்காரர்கள் செய்வினை என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தாய், திண்டுக்கல்

அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் நீங்களோ அவருடைய அப்பாவோ மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நோயாளி இல்லாமல் வீட்டார் மட்டும் வந்து பேசுவது அங்கே வழக்கம்தான். போக முடியாத நாளில் 14416 என்ற அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. நோய் தொடங்கிய நாளுக்கும் மருந்து தொடங்கும் நாளுக்கும் இடைவெளி கூடக் கூட, தேறி வருவது கடினமாகிறது. படிப்பும் நட்பும் கைநழுவிப் போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

போகும்போது ஒரே ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். கடைசியாக எந்த மாதம் அவர் பழையபடி இருந்தார்? முதலில் மாறியது எது: தூக்கமா, படிப்பா, பேச்சா, குளிப்பதா? இப்போது ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார்? கேமரா பற்றி அவர் சொன்ன வாக்கியங்களை அப்படியே அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். கஞ்சா, மது பழக்கம் உண்டா? தலையில் அடி, வலிப்பு, காய்ச்சல் ஏதாவது வந்ததா? குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் இருந்ததா? சாவைப் பற்றிப் பேசினாரா? நெரிசலான புறநோயாளிப் பிரிவில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். ‘ஒரு மாதிரி இருக்கான் டாக்டர்’ என்று ஆரம்பித்தால் அந்தப் பத்து நிமிடமும் கேள்வி கேட்பதிலேயே போய்விடும். தாள் கையில் இருந்தால் ஆறு நிமிடம் மிச்சமாகும்.

வீட்டில் பேசும்போது, ‘கேமராவும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல’ என்று வாதாடாதீர்கள். ஃபேனைக் கழற்றிக் காட்டினாலும் நம்பிக்கை மாறாது, கேமரா சுவருக்குள் போய்விட்டதாகச் சொல்வார். ‘ஆமாப்பா, வெச்சிருக்காங்க’ என்று ஒத்துப் பாடவும் கூடாது. பின்னால் நீங்கள் சொல்லும் எதற்கும் மதிப்பிருக்காது. நம்பிக்கையை விட்டுவிட்டு, அதனால் அவர் படும் பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாசற்படியில் உட்கார்ந்து, குரலை இறக்கி இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “கண்ணு, யாரோ பாக்குறாங்கன்னு நீ பயந்துட்டு இருக்கே. எனக்கு அது தெரியலப்பா. ஆனா நாலு நாளா நீ தூங்கல, அது எனக்குத் தெரியுது. தூக்கத்துக்கு மட்டும் ஒருத்தரப் பாப்போமா? நானும் கூட வர்றேன். அவர் சொல்றது பிடிக்கலேன்னா எந்திரிச்சு வந்துடலாம்.” மாட்டேன் என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். வீட்டில் அவர் யார் பேச்சைக் கொஞ்சமாவது கேட்பாரோ, சித்தப்பாவோ பழைய டியூஷன் சாரோ, அவரைப் பேசச் சொல்லலாம். ஆறு பேர் சூழ்ந்து நின்று பேசினால் பயம்தான் கூடும். கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லி ஏமாற்றி ஆஸ்பத்திரியில் இறக்குவதும் வேண்டாம். அவரைக் கூட்டிப்போக வேண்டியது ஒரு தடவை அல்ல, ஆண்டுக்கணக்காக.

செய்வினை என்கிறவர்களோடு சண்டை போட்டு நேரத்தைச் செலவழிக்காதீர்கள். குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வேண்டும், ஏர்வாடி தர்காவுக்குப் போக வேண்டும் என்று வேண்டுதல் இருந்தால் மருந்தோடு சேர்த்துப் போகலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையல்ல. ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லும் இடத்திலும் கட்டிப்போடும் இடத்திலும் ஒரு நாள்கூட விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்தால் நிலைமை வேறு. அப்போது 108ஐ அழையுங்கள். அதே சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் அவசரச் சிகிச்சை தரலாம். அது 72 மணி நேரம்வரை செல்லும், மனநல மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் அதில் அடங்கும். அவர் சம்மதிக்காத நிலையில் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டுமென்றால் 89ஆம் பிரிவு பொருந்தும். அதற்கு ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதிகபட்சம் 30 நாள். நோயாளிக்கு மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடும் உரிமை உண்டு, அதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சில நாட்களுக்குள் திடீரென்று மாறி, கூடவே காய்ச்சல், வலிப்பு, இடம் நேரம் தெரியாத குழப்பம் இருந்தால் அது மூளையில் ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே போக வேண்டும்.

மகளுக்கு 23 வயது. டாக்டர் அவளிடம் தனியாகப் பேசுகிறார். எங்களிடம், ‘அது ரகசியம், சொல்ல முடியாது’ என்கிறார். மாத்திரை கொடுப்பதும் ராத்திரி விழித்திருப்பதும் நாங்கள். எங்களுக்குத் தெரிய வேண்டாமா?
– ஒரு தந்தை, கோவை

தெரிய வேண்டும். அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதற்கு முன் ஒன்று: நீங்கள் சொல்வதை மருத்துவர் கேட்டுக்கொள்வதில் எந்த ரகசியமும் மீறப்படுவதில்லை. அவர் பேச முடியாது என்றாலும் நீங்கள் பேசலாம், எழுதிக் கொடுக்கலாம். நோய் பொதுவாக எப்படிப் போகும், இந்த மருந்து என்ன செய்யும், எந்த அறிகுறிக்கு ஓடி வர வேண்டும் என்பவையும் ரகசியம் ஆகாது. மகளின் அந்தரங்கமான பேச்சுதான் ரகசியம். அது அப்படியே இருக்கட்டும். காதல், கல்லூரியில் நடந்தது, குரல்கள் சொல்லும் அசிங்கமான வார்த்தைகள் எல்லாம் அப்பாவிடம் போய்ச் சேரும் என்று தெரிந்தால் அவர் மருத்துவரிடமும் வாய் திறக்க மாட்டார்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி 18 வயது நிரம்பிய எவரும் தமக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும், ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை. மகள் யாரை எழுதுகிறாரோ அவருக்கு நோய் பற்றியும் சிகிச்சை பற்றியும் தகவல் கேட்கும் உரிமை, டிஸ்சார்ஜ் திட்டத்தில் கலந்துகொள்ளும் உரிமை எல்லாம் கிடைக்கின்றன. அவர் உங்களை விட்டுவிட்டு அத்தையை எழுதினால் வருத்தப்படாதீர்கள், அத்தையைக் கூட அழைத்துப் போங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: “முதல்ல அவகிட்ட தனியாப் பேசுங்க டாக்டர். கடைசி பத்து நிமிஷம் எங்க எல்லாரையும் சேர்த்து வெச்சுப் பேச முடியுமா? எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு அவகிட்டயே கேட்டுக்கோங்க.” மருந்தின் பெயரும் அளவும், பக்கவிளைவு, மறுபடி வருவதற்கான அறிகுறி ஆகியவற்றைச் சொல்லலாம், மற்றது வேண்டாம் என்று பலர் பிரித்தே சம்மதம் தருவார்கள். ஒட்டுமொத்தமாகக் கேட்கும்போதுதான் ‘முடியாது’ வருகிறது. இன்று மறுத்தாலும் அது நிரந்தர மறுப்பல்ல. ஆறு வாரத்தில் சந்தேகம் குறைந்த பிறகு மீண்டும் கேட்கச் சொல்லுங்கள்.

தம்பிக்கு 22 வயது, ஆறு மாதமாகச் சிகிச்சை. குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் மதியம் 12 மணிக்குத்தான் எழுந்திருக்கிறான், குளிப்பதில்லை, வேலை தேடுவதில்லை. அப்பா ‘சோம்பேறி’ என்று திட்டுகிறார். அம்மா ஊட்டிவிடுகிறார். வீட்டுச் சூழல் சரியில்லை என்று சமூகப் பணியாளர் சொன்னதில் அம்மா இடிந்துபோய்விட்டார். நோய்க்கு நாங்கள்தான் காரணமா?
– ஒரு அக்கா, சென்னை

காரணம் நீங்கள் இல்லை. இதை அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வளர்ப்பினால் இந்த நோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவர்களே தாய்மார்களைக் குற்றம் சாட்டினார்கள். அந்தக் கொள்கை கைவிடப்பட்டு வெகுகாலமாகிறது.

ஆனால் வந்த நோய் திரும்ப வருவதில் வீட்டுப் பேச்சுக்குப் பங்கு உண்டு. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்ற ஆய்வாளர், மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய ஆண்கள், வாடகை அறைக்குப் போனவர்களைவிட அதிகமாகத் திரும்ப நோயுற்றதைக் கவனித்தார். பிறகு வீட்டாரிடம் பேட்டி எடுத்து மூன்று விஷயங்களை அளந்தார்கள்: குறை சொல்வது, வெறுப்பு, அளவுமீறித் தாங்குவது. 1994இல் 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவை மிகுந்த வீடுகளில் 50 சதவீதம் பேருக்கும் குறைந்த வீடுகளில் 21 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. சண்டிகரில் நடந்த ஆய்வில் இவ்வகை வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன. அன்பும் பாராட்டும் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன என்பதும் இந்த ஆய்வுகளில் தெரிந்த ஒன்றுதான். ஆக, அம்மா காட்டும் பாசத்தை யாரும் குறை சொல்லவில்லை. 22 வயதுப் பையனுக்கு ஊட்டுவது மட்டும் நிற்க வேண்டும்.

அப்பாவுக்கு ஒன்று புரிய வேண்டும். குரல் நின்ற பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் சோர்வு, பேச்சுக் குறைவு, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை அந்த நோயின் இன்னொரு பாதி. மருந்து அவற்றில் அவ்வளவாக வேலை செய்வதில்லை. இரவு மாத்திரையின் தூக்கக் கலக்கமும் அதோடு சேரும். சோம்பேறி என்ற சொல் எல்லாவற்றையும் தம்பியின் குணமாக ஆக்கிவிடுகிறது. குணத்தைத் திட்டாமல் ஒரு காரியத்தைச் சொல்லட்டும்: “காபி டம்ளர் மூணு ரூம்லயே கெடக்கு, எறும்பு வருது. சாயங்காலத்துக்குள்ள சிங்க்ல போட்டுடுறியாப்பா?” போட்டால், போட்டதைக் கவனித்ததாகச் சொல்ல வேண்டும். ‘இதையே தினம் செஞ்சா என்ன?’ என்று வால் சேர்க்கக் கூடாது. அந்த வால்தான் குறை சொல்வதில் போய்ச் சேர்கிறது.

நாள் முழுக்க முகத்துக்கு நேரே இருப்பதும் வேண்டாம். பழைய ஆய்வுகளில், இறுக்கம் மிகுந்த வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தவர்களுக்கே நோய் அதிகம் திரும்பியது. ஓய்வு பெற்ற அப்பா காலையில் நூலகத்துக்கோ நடைக்கோ போவது இருவருக்கும் நல்லது.

இனி, வாரம் ஒரு நாள் குறித்து அரை மணி நேரம் எல்லோரும் உட்காருங்கள். டிவி அணைந்திருக்கட்டும். தம்பியும் இருக்க வேண்டும், நடுவில் எழுந்து போக வேண்டுமென்றால் போகலாம். ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். உதாரணமாக, ‘மதியம் 12 மணிக்கு எழுவது’. அதை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு தோன்றும் யோசனைகளையெல்லாம் விமர்சனம் இல்லாமல் எழுதுங்கள், குறைந்தது ஐந்து: மாத்திரையை இரவு பத்தரைக்குப் பதில் எட்டு மணிக்குப் போடலாமா என்று டாக்டரைக் கேட்பது, அலாரம், காலையில் பால் வாங்கப் போகும் பொறுப்பு, அம்மா எழுப்பாமலே விடுவது, ஜன்னல் திரையை விலக்கி வைப்பது. அடுத்து ஒவ்வொன்றுக்கும் சாதக பாதகம். ஒன்றையோ இரண்டையோ தம்பி தேர்ந்தெடுக்கட்டும். யார், எப்போது, என்ன செய்வது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். 12 மணி 11 ஆகியிருந்தால் அது முன்னேற்றம்.

இந்த ஆறு படிகளைத்தான் குடும்பச் சிகிச்சைத் திட்டங்களில் பயிற்சியாகத் தருகிறார்கள். இது சறுக்கும் இடங்கள் தெரிந்தவையே. ‘வேலைக்குப் போகணும்’ என்று மலையளவு பிரச்சினையை முதல் வாரமே எடுப்பார்கள். அப்பா மட்டும் இருபது நிமிடம் பேசுவார். மறுவாரம் உட்கார மறந்துவிடுவார்கள். மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது. பார்க்காமல் விட்ட திட்டம் தோற்ற திட்டமாகவே தம்பியின் மனதில் பதியும்.

கணவருக்கு 31 வயது. மாத்திரை வேண்டாம் என்கிறார். அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கிறேன். மூன்று வாரமாக நல்ல மாற்றம். தொடரலாமா?
– ஒரு மனைவி, தூத்துக்குடி

வேறு வழி தெரியாமல் செய்திருக்கிறீர்கள். ஆனால் தொடர வேண்டாம். வீட்டார் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்பது இந்த நோயில் அடிக்கடி வரும் சந்தேகம். ஒரு நாள் டம்ளர் அடியில் வெள்ளைத் துகளைப் பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு நீங்களே சாட்சியாகிவிடுவீர்கள். பாதி காபியைக் கீழே ஊற்றினால் பாதி மருந்துதான் உள்ளே போகும். பக்கவிளைவு வந்தால் அவருக்கு ஏன் என்று தெரியாது, மருத்துவரிடம் சொல்லவும் தெரியாது. நீங்கள் ஊருக்குப் போகும் வாரம் எல்லாம் நின்றுவிடும்.

அதற்காக நாளையே நிறுத்திவிடவும் கூடாது. இந்த வாரமே மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, அவர் முன்னிலையில் கணவரிடம் வெளிப்படுத்துவதுபற்றிப் பேசுங்கள். மூன்று வார முன்னேற்றம் உங்களுக்கு உதவும். பயம் குறைந்திருக்கும் இந்த நேரத்தில்தான் அவர் காது கொடுப்பார்.

மாத்திரை ஏன் வேண்டாம் என்று அவரிடம் ஒரு தடவையாவது கேட்டதுண்டா? பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும். சில மருந்துகளில், குறிப்பாக ஹாலோபெரிடாலில், முதல் சில நாட்களிலேயே கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே சொருகும். பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் ஊசி போட்டால் சிறிது நேரத்தில் சரியாகும். உட்கார முடியாமல் கால் பரபரத்து நடந்துகொண்டே இருப்பது இன்னொன்று. இதை நோய் முற்றிவிட்டதாக நினைத்து அளவைக் கூட்டக் கேட்கும் வீட்டார் உண்டு. கூட்டினால் பரபரப்பும் கூடும். ஓலன்சபினில் பசியும் எடையும் ஏறும். ரிஸ்பெரிடோனில் தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கலாம். நாட்டம் குறைந்ததை ஆண்கள் வெளியே சொல்வதில்லை, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். காய்ச்சலோடு உடல் கட்டைபோல் விறைத்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

முதல் முறை நோய் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்த அளவே போதும். ரிஸ்பெரிடோனை 1 அல்லது 2 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், அல்லது சில வாரங்களுக்கு ஒரு தடவை போடும் ஊசிக்கு மாறலாம். தினம் காலையில் மாத்திரைச் சண்டை போடும் வீடுகளில் ஊசி தம்பதிக்கு நடுவே இருந்த பகையையே எடுத்துவிடுகிறது. அதுவும் அவர் அறிந்து, சம்மதித்துப் போட வேண்டியது. தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள்.

மகன் முழுக்கத் தேறிவிட்டான். மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? மறுபடி வந்தால் முன்கூட்டியே தெரியுமா?
– பெற்றோர், ஈரோடு

நீங்களாக நிறுத்தாதீர்கள். அறிகுறிகள் போன பிறகும் ஓரிரு ஆண்டுகளாவது தொடர வேண்டும் என்பதே பொதுவான பரிந்துரை. நியூயார்க்கில் முதல் முறை நோயுற்றவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குள் 82 சதவீதம் பேருக்கு ஒரு தடவையாவது நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. நிறுத்தத்தான் வேண்டுமென்றால் மருத்துவரோடு திட்டமிட்டு, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். பரீட்சை, திருமணம், வீடு மாற்றம் உள்ள மாதங்களில் தொடங்க வேண்டாம். நின்ற முதல் வாரத்தில் மகன் சுறுசுறுப்பாகத் தெரிவார், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். திரும்புவது பெரும்பாலும் பிறகுதான்.

முன்கூட்டியே தெரியும். அதுவும் மருத்துவரைவிட வீட்டாருக்கு முதலில் தெரியும். ஒவ்வொருவருக்கும் வரிசை வேறு, ஆனால் ஒருவருக்குப் பெரும்பாலும் அதே வரிசையில்தான் வரும். ஒருவருக்குத் தூக்கம் குறைந்து, பிறகு ஃபோனை அணைத்து வைத்து, பிறகு சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பதில் தொடங்கும். மகன் தெளிவாக இருக்கும் இப்போதே அவரோடு உட்கார்ந்து, போன தடவை முதலில் என்னென்ன மாறின என்று மூன்று நான்கு அடையாளங்களை எழுதுங்கள். அவர் உள்ளே உணர்ந்ததும் நீங்கள் வெளியே பார்த்ததும் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் கெட்டால் யார் யாரிடம் சொல்வது, எந்த எண்ணை அழைப்பது, அப்போது வீட்டார் எந்த வார்த்தையில் அவருக்கு நினைவூட்டினால் அவருக்குக் கோபம் வராது என்பதையும் அவரே சொல்லட்டும். சேர்க்க நேர்ந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி முன்விருப்ப ஆவணமாகவும் எழுதி வைக்கலாம். தினமும் முகத்தை ஆராய்ந்து ‘மாத்திரை போட்டியா?’ என்று கேட்கும் காவலுக்கு இந்தத் தாள் மாற்று.

மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் நோய் சரியாகிவிடும் என்கிறார்களே?
– ஒரு தாய், மதுரை

ஆகாது. திருமணம் மருந்தல்ல. மறைத்துச் செய்தால், மணமகளுக்குத் தெரியக் கூடாதென்று மாத்திரை நிற்கும், தூக்கம் கெடும், சில மாதங்களில் நோய் திரும்பும். இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதம் திருமணத்தை ரத்துச் செய்யக் கோருவதற்கு ஒரு காரணம். ஓராண்டாவது நிலையாக இருந்து, மகனுக்கே விருப்பம் இருந்து, எதிர்த்தரப்பிடம் சொல்லி, இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்த்த பின் நடக்கும் திருமணங்கள் நன்றாகவே இருக்கின்றன.

வெளிநாடுகளில் குடும்பத்துக்கென்றே தனிச் சிகிச்சை உண்டாமே. நம்மூர் அரசு ஆஸ்பத்திரியில் அதெல்லாம் கிடைக்குமா?
– ஒரு வாசகர், வேலூர்

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்ததில் நம் நாடு பின்தங்கியதல்ல. உங்கள் ஊரே அதற்குச் சாட்சி. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களை நோயாளிகளோடு தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் வீட்டாரும் கூடத் தங்குவது தொடக்க காலத்திலிருந்தே வழக்கம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் (மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை) நிறுவனம் முதல் முறை நோயுற்றவர்களுக்கான திட்டத்தை நடத்துகிறது. அதைக் கனடாவின் மாண்ட்ரியல் நகரத் திட்டத்தோடு ஒப்பிட்டு இரண்டாண்டு கவனித்தபோது, சென்னையில் குடும்பங்களின் பங்கேற்பு அதிகமாகவும், சிகிச்சையை நடுவில் விட்டவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். வீட்டார் கூட வருவதை இங்கே யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. வந்தவர்களை வராந்தாவில் உட்கார வைத்துவிடுவதுதான் நம் குறை.

இங்கிலாந்து வழிகாட்டி நெறிகள் மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 10 அமர்வுகள், முடிந்தவரை நோயாளியையும் சேர்த்து, என்று சொல்கின்றன. அமெரிக்காவில் வில்லியம் மக்ஃபார்லேன் வகுத்த முறையில் ஐந்து முதல் எட்டுக் குடும்பங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் கூடுகின்றன. ஒரு வீட்டின் பிரச்சினைக்கு இன்னொரு வீடு யோசனை சொல்லும். மாவட்ட மருத்துவமனையில் இது அப்படியே கிடைக்காது. ஆனால் மாவட்ட மனநலத் திட்டத்தில் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் உண்டு. கூட்டம் குறைவான நேரம் எது என்று கேட்டு, மாதம் ஒரு தடவை அவர்களில் ஒருவரிடம் அரை மணி நேரம் வாங்குங்கள். மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் மூன்றே கேள்விகள்: இந்த மாதம் என்ன மாற்றினீர்கள், எதைக் கவனிக்க வேண்டும், எது நடந்தால் தேதிக்கு முன்பே வர வேண்டும்? ஆறு வாரம் சரியான அளவில் கொடுத்தும் பலனில்லை, மாற்றிய இரண்டாவது மருந்திலும் அப்படியே என்றால், குளோசபின் பற்றி நீங்களே எடுத்துப் பேசலாம். அதற்குத் தொடக்கத்தில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். அந்தத் தொந்தரவுக்காகவே தள்ளிப்போடப்பட்டு ஆண்டுகள் வீணாவது உண்டு.

அண்ணனுக்கு இந்த நோய். எனக்கு 17 வயது. எனக்கும் வருமா? ஃபிரெண்ட்ஸ் கேட்டால் என்ன சொல்வது?
– ஒரு தங்கை, சேலம்

உடன்பிறந்தவருக்கு மனச்சிதைவு இருந்தால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வரலாம். அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வராது. கஞ்சாவைத் தொடாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கும் பெரிய பாதுகாப்பு. குடும்பத்தில் நோய் இருப்பவர்களை அது அதிகம் பாதிக்கிறது. தூக்கம் கெட்டு, யாரோ உங்களைப் பற்றிப் பேசுவதாகத் தொடர்ந்து தோன்றினால் பயப்படாமல் அம்மாவிடமோ 14416இலோ சொல்லுங்கள், அந்த எண் உங்களுக்கும்தான்.

இரவில் அண்ணன் கத்தும்போது கதவைத் தாளிட்டுக்கொண்டு பக்கத்து அறையில் இருப்பதில் தப்பில்லை. அவரைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு அல்ல, அதைப் பெற்றோர் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தப் பதிலை அவர்களிடம் காட்டுங்கள். பரீட்சை நாட்களில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கக் கேளுங்கள். நண்பர்களிடம், ‘அண்ணனுக்கு உடம்பு சரியில்ல, ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு’ என்றால் போதும். அதற்கு மேல் யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதை, அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் அண்ணனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.